2035க்குள் புதிதாக யார் அணுகுண்டு செய்வார்கள்? ஒரு கணிப்பும் தொடர்ந்து வந்த குறிப்புகளும்

கேள்வி: ஜூன் மாதம் ஈரான் மீது குண்டு விழுந்ததோடு அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் (என்.பி.டி.) கதை முடிந்தது. குண்டு இல்லாதவன் அடி வாங்குவான், இருப்பவனை யாரும் தொட மாட்டார்கள் என்று எல்லா நாடுகளுக்கும் புரிந்துவிட்டது. 2035க்குள் குறைந்தது ஐந்து நாடுகள் புதிதாகச் செய்துவிடும்: ஈரான், சவூதி, துருக்கி, தென் கொரியா, ஜப்பான். மறுப்பவர் உண்டா?

3 நவம்பர் 2025

நான் மறுக்கிறேன். ஐந்து நாடுகள் என்பதற்கு நான் தரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஒரு நாடாவது என்றால் 25 சதவீதம்.

1963 மார்ச்சில் கென்னடி பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, 1970களில் 15, 20 அல்லது 25 நாடுகளிடம் இந்த ஆயுதம் இருக்கும் நிலையை ஓர் அமெரிக்க அதிபர் சந்திக்க நேரலாம் என்றார். அவர் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. எங்கே உலை இருக்கிறது, எங்கே பொறியாளர் இருக்கிறார், யாரிடம் பணம் இருக்கிறது என்று பார்த்தால் அப்படித்தான் எண்ணிக்கை வரும். ஆனால் 1970கள் முடிந்தபோது, வெளிப்படையாகவோ கமுக்கமாகவோ குண்டு வைத்திருந்தவர்கள் ஏழெட்டு நாடுகள்தான். உங்கள் ஐந்தும் அதே வழியில் வந்த ஐந்து என்றுதான் எனக்குப் படுகிறது.

எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 1945 முதல் இன்றுவரை செய்து முடித்தவர்கள் பத்துப் பேர்: அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ், சீனா, இஸ்ரேல், இந்தியா, தென் ஆப்பிரிக்கா, பாகிஸ்தான், வட கொரியா. எண்பது வருஷத்தில் பத்து. இதே வேகம் தொடர்ந்தால் அடுத்த பத்து வருஷத்தில் ஒருவராவது சேர்வதற்கு 70 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ஆனால் பத்தில் ஒன்பது பேர் 1990க்கு முன்பே முடித்துவிட்டார்கள் (பாகிஸ்தான் வெடித்துக் காட்டியது 1998 என்றாலும் சரக்கு அதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது). பிறகு வந்த 35 வருஷத்தில் வட கொரியா மட்டும். அந்த 35 வருஷத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 25 சதவீதத்துக்கு இறங்குகிறது. எந்தக் காலத்தை அளவுகோலாக எடுக்கிறோம் என்பதிலேயே பாதி வாதம் முடிந்துவிடுகிறது. நான் பின்னதை எடுக்கிறேன். என்.பி.டி., கண்காணிப்பு, தளவாட விற்பனைக் கட்டுப்பாடு எல்லாம் நடைமுறைக்கு வந்த பிறகான உலகம் அதுதான்.

4 நவம்பர்

"செய்யும்" என்றால் என்ன என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். யோசிப்பது, திட்டம் தொடங்குவது, செய்து முடிப்பது மூன்றும் மூன்று கேள்வி. யோசித்துப் பார்த்த நாடுகளில் ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரேலியா, யூகோஸ்லாவியா எல்லாம் உண்டு. முடித்தவர்கள் பத்தே பேர். நான் முடிப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: சோதனை, அல்லது அரசே அறிவிப்பது, அல்லது சர்வதேச அணுசக்தி முகமை "இருக்கிறது" என்று எழுதுவது.

நடுவில் உள்ள "திட்டம் தொடங்குவது" கணிப்பவனுக்குப் பெரிய தலைவலி. நடந்ததா இல்லையா என்பதே பல வருஷம் கழித்துத்தான் தெரியும். தென் ஆப்பிரிக்கா ஆறு குண்டுகளைச் செய்து, தானே பிரித்துப் போட்டுவிட்டு, என்.பி.டி.யில் 1991இல் சேர்ந்து, அதிபர் டி கிளர்க் அதை நாடாளுமன்றத்தில் சொன்னது 1993 மார்ச்சில். 1985இல் ஒருவர் "தென் ஆப்பிரிக்கா செய்கிறது, 80 சதவீதம்" என்று எழுதியிருந்தால், அவர் சரி என்று தெரிய எட்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

6 நவம்பர்

உளவுத் துறைகளுக்குத் தெரியாமலா போகும் என்று கேட்டிருக்கிறார்கள். போயிருக்கிறது. இரண்டு பக்கமும் தவறியிருக்கிறார்கள்.

1949 செப்டம்பர் 20 தேதியிட்ட சி.ஐ.ஏ. மதிப்பீடு, சோவியத் குண்டுக்கு அதிக வாய்ப்புள்ள காலம் 1953இன் நடுப்பகுதி என்றது. சோவியத் சோதனை ஆகஸ்ட் 29 அன்றே முடிந்திருந்தது. அந்தக் காகிதம் தயாரானபோது கதிரியக்கத் தூசியை அமெரிக்க விமானம் ஏற்கெனவே அள்ளி வந்திருந்தது. மூன்றே நாளில் ட்ரூமன் அறிவித்தார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சீனா. 1964 ஆகஸ்ட் 26 மதிப்பீட்டில், லோப் நோரில் சோதனைத் தளம் ஏறக்குறைய தயார் என்பது படங்களில் தெரிந்தது. ஆனாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் வெடிக்க மாட்டார்கள் என்று எழுதினார்கள். காரணம், முதல் குண்டு புளூட்டோனியத்தில்தான் இருக்கும், அதற்கு வேண்டிய புளூட்டோனியம் இன்னும் சேர்ந்திருக்காது என்ற நினைப்பு. அக்டோபர் 16 அன்று வெடித்தது. தூசியைச் சோதித்தால் யுரேனியம்-235. லான்ஜோவில் யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டும் செறிவூட்டல் ஆலையிலிருந்து வந்தது. தளம் கண்ணுக்கு முன்னால் நின்றது. எந்தப் பாதையில் வருவார்கள் என்ற முன்முடிவு அதை மறைத்துவிட்டது.

ஈராக்கில் இதே கதை 1991இல். சென்ட்ரிஃபியூஜ் (செறிவூட்டும் சுழல் இயந்திரம்) எங்கே, உலை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஜூன் மாதம் பலூஜா அருகே சரக்கு லாரிகள் தப்பிப் போவதை ஆய்வாளர்கள் படமெடுத்தார்கள்; அவர்களை மிரட்ட வானத்தை நோக்கிச் சுட்டார்கள். லாரியில் இருந்தது கலுட்ரான் பாகங்கள், காந்தத்தை வைத்து யுரேனியத்தைப் பிரிக்கும் கருவி. இரண்டாம் உலகப் போர்க் காலத்து முறை, இனி யாரும் தொட மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டது. பழசு என்பதாலேயே யாரும் தேடவில்லை.

பிறகு அதே ஈராக்கில் 2002-03. அலுமினியக் குழாய்கள் சென்ட்ரிஃபியூஜுக்கு என்றார்கள். ராக்கெட்டுக்கு வாங்கியவை. 1991இல் கோட்டைவிட்டவர்கள் 2002இல் இல்லாததைக் கண்டார்கள், அதன் பேரில் ஒரு போரே நடந்தது. இந்த விஷயத்தில் கணிப்பு விளையாட்டுக்குச் சொல்வது இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். "90 சதவீதம் உறுதி" என்று எழுதுகிறவருக்குப் பின்னால் மனித உயிர் இருக்கிறது.

7 நவம்பர்

"கண்காணிப்பு இருக்கும்போது ஒரு கிலோ நகர்ந்தால் தெரியாதா?" என்ற கேள்விக்கு.

நான் சில வருஷம் ஒரு வேதிப்பொருள் ஆலையில் இருப்புக் கணக்குப் பார்த்தவன். மாதக் கடைசியில் தொட்டியில் அளவுகோலை விட்டு மட்டம் பார்ப்போம். ஏட்டில் ஒன்று இருக்கும், தொட்டியில் ஒன்று இருக்கும். காலையில் அளந்தால் ஓர் எண், வெயில் ஏறியபின் அளந்தால் வேறு எண். குழாய் வளைவில் கொஞ்சம், வடிகட்டியில் கொஞ்சம், அடியில் படிந்த கசடில் கொஞ்சம் நிற்கும். யாரும் திருடவில்லை, ஆனாலும் இரண்டு பக்கமும் பொருந்தியது கிடையாது. வித்தியாசம் வழக்கமான அளவுக்குள் இருந்தால் கையெழுத்துப் போடுவோம்.

புளூட்டோனியத்திலும் இதே சங்கடம். முகமையின் கணக்கில் ஒரு குண்டுக்கான அளவு 8 கிலோ. ஜப்பானின் ரொக்காஷோ மறுசெயலாக்க ஆலை முழு அளவில் ஓடினால் வருஷத்துக்கு 8 டன் அளவுக்குப் புளூட்டோனியம் பிரிக்கும். அதில் ஒரு சதவீத அளவைப் பிழை என்றால் 80 கிலோ, அதாவது பத்துக் குண்டு. இது வெறும் காகிதக் கணக்கு என்று தள்ள முடியாது. டோக்கை ஆலையில் 25 வருஷ ஓட்டத்தில் 206 கிலோ கணக்கில் வரவில்லை என்று ஜப்பான் 2003இல் சொன்னது. பிறகு மறுபடி கணக்கிட்டு 59 கிலோ என்றார்கள். யாரும் எடுத்துப் போனதாக நான் நினைக்கவில்லை. கழிவுத் தொட்டியிலும் குழாயிலும் நின்றிருக்கும், நாங்கள் பார்த்த மாதிரியே. அதனால்தான் முகமை ஏட்டை மட்டும் நம்பாமல் கேமரா, முத்திரை, திடீர் வருகை எல்லாம் வைத்திருக்கிறது. ஆய்வாளர் வாசலில் நிறுத்தப்பட்டார் என்ற செய்தி எனக்குக் கிலோ கணக்கைவிடப் பெரிய செய்தி.

11 நவம்பர்

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். யாரால் முடியும் என்ற பட்டியல் கணிப்புக்கு உதவாது. எது பிடித்து நிறுத்தியிருக்கிறது என்ற பட்டியல் வேண்டும்.

இந்தியா 1974இல் பொக்ரானில் வெடித்ததற்கான புளூட்டோனியம் சைரஸ் உலையிலிருந்து வந்தது. கனடா கொடுத்த 40 மெகாவாட் ஆராய்ச்சி உலை. அதே வகை, அதே 40 மெகாவாட் உலையைத் தைவானுக்கும் கனடா விற்றது. திறமையான ஆட்கள் தைவானிலும் இருந்தார்கள். பகையும் பயமும் இன்னும் அதிகமாகவே இருந்தன. இயந்திரத்தை மட்டும் பார்த்துக் கணித்தவர் இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்திருப்பார். ஆனால் தைவானின் பாதுகாப்பு முழுக்க அமெரிக்காவைச் சார்ந்தது. 1970களில் ஒருமுறை கழுத்தைப் பிடித்தார்கள். 1988 ஜனவரியில், அங்கே அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தின் துணை இயக்குநராக இருந்த சாங் சியென்-யி அமெரிக்காவுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். உலை மூடப்பட்டது. இந்தியாவை அப்படிப் பிடித்து நிறுத்த யாரிடமும் கயிறு இல்லை.

தென் கொரியாவில் அப்போதைய அதிபர் பார்க் சுங்-ஹீ தொடங்கியதும் இதே தினுசு. 1971இல் அமெரிக்கா ஒரு படைப்பிரிவைத் திரும்ப அழைத்துக்கொண்டது, பயம் வந்தது. பிரான்ஸிடம் மறுசெயலாக்க ஆலை வாங்கப் பேசினார்கள். அமெரிக்கா நெருக்கியதும் 1976இல் அந்த ஒப்பந்தம் ரத்தானது. திட்டம் பிறந்ததும் கூட்டணியால், செத்ததும் கூட்டணியால்.

ஸ்வீடன் வேறு வகை. வெளியிலிருந்து யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. குண்டுக்குப் பணம் போனால் போர் விமானத்துக்குக் குறையும் என்று ராணுவத்துக்குள்ளேயே இழுபறி. ஆளும் கட்சியின் பெண்கள் அமைப்பு 1956இலேயே வெளிப்படையாக எதிர்த்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து 1968இல் என்.பி.டி.யில் கையெழுத்திட்டார்கள். எந்த உளவு மதிப்பீட்டு மாதிரியில் பெண்கள் அமைப்பின் தீர்மானத்துக்கு ஒரு கட்டம் போட்டிருப்பார்கள்?

12 நவம்பர்

ஒரு நாடு செய்தால் அடுத்த நாடும் செய்யும் என்ற டோமினோ வாதம் பற்றி: பாதி உண்மை. சீனா 1964, இந்தியா 1974, பாகிஸ்தான் 1998 என்ற சங்கிலி நிஜம். ஆனால் இஸ்ரேலுக்குப் பின் எகிப்து செய்யவில்லை. வட கொரியா 2006இல் வெடித்தபின் ஜப்பானும் தென் கொரியாவும் செய்யவில்லை, இன்றைக்கு 19 வருஷம். சங்கிலி அறுந்த இடங்களில் பாதுகாப்புக் கொடுக்க ஒரு பெரிய நாடோ, நிறுத்தி வைக்க ஒரு பெரிய நாடோ இருந்தது. பெரும்பாலும் இரண்டும் ஒரே நாடு.

16 நவம்பர்

தென் கொரியாவுக்கு மனதில் 4 சதவீதம் வைத்திருந்தேன். 6 ஆக்குகிறேன்.

14ஆம் தேதி வெளியான அமெரிக்க-கொரியக் கூட்டு அறிக்கையில், அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகளைக் கொரியா கட்டுவதற்கு ஒப்புதல் இருக்கிறது. அதோடு, அமைதிப் பயன்பாட்டுக்கான செறிவூட்டலுக்கும் மறுசெயலாக்கத்துக்கும் வழிவிடும் நடைமுறைக்கு ஆதரவும் இருக்கிறது. 1976இல் எதைக் கொடுக்காமல் திட்டத்தை நிறுத்தினார்களோ, அதற்கு இப்போது கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. பொதுமக்கள் பக்கம் பார்த்தால், 2022இல் வெளியான ஒரு கருத்துக்கணிப்பில் 71 சதவீதம் பேர் சொந்தக் குண்டு வேண்டும் என்றார்கள்.

ஏன் 20 ஆக்கவில்லை? கருத்துக்கணிப்பில் "வேண்டும்" என்பவர் ஏற்றுமதி முடங்கும், உலைக்கு எரிபொருள் நிற்கும் என்று எதிரில் வைத்தால் என்ன சொல்வார் என்பது தனிக் கேள்வி. அப்போதைய கொரிய அதிபர் யூன் சுக்-யோல் 2023 ஜனவரியில் சொந்தக் குண்டு பற்றி வாய்விட்டுப் பேசினார். ஏப்ரலில் அமெரிக்காவோடு வாஷிங்டன் பிரகடனத்தில் கையெழுத்திட்டுவிட்டு, என்.பி.டி.க்குக் கட்டுப்படுவோம் என்று திரும்பினார். குண்டு பற்றிப் பேசுவதே கூட்டாளியிடம் கூடுதலாகக் கேட்டு வாங்க ஒரு வழி. பேச்சைக் கேட்டு எண்ணை ஏற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

17 நவம்பர்

குண்டை விட்டுக்கொடுத்துவிட்டு அடி வாங்கிய நாடுகள் என்று உக்ரைனையும் லிபியாவையும் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் இது வலிக்கிற இடம்தான். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் எல்லைக்கு மதிப்பளிப்போம் என்று எழுதிக் கொடுத்த ரஷ்யா 2014இல் கிரிமியாவை எடுத்துக்கொண்டது, 2022இல் முழுப் படையெடுப்பு. இதைப் பார்த்த எந்தச் சிறிய நாட்டுத் தலைவரும் இனி காகித உத்தரவாதத்தை முழுசாக நம்ப மாட்டார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் விவரம் வேண்டும். உக்ரைன் மண்ணில் இருந்த சுமார் 1,900 நீண்டதூர அணுகுண்டு முனைகளை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவில் இருந்தது. வைத்திருந்தால் காலப்போக்கில் உடைத்துத் திறந்திருப்பார்களா என்பது நியாயமான விவாதம். தயாராக இருந்த குண்டைக் கொடுத்துவிட்டார்கள் என்பது சரியில்லை. லிபியா இன்னும் தூரம். 2003 டிசம்பரில் கைவிட்டபோது, பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் கள்ளச்சந்தை வலைப்பின்னல் வழியாக வாங்கிய தளவாடங்களில் பெரும்பகுதி பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை. 2011இல் கடாஃபி கொல்லப்பட்டது வேறு விதமான பாடம், அதை வட கொரியா அந்த வருஷமே வெளிப்படையாகச் சொன்னது. பாடம் கற்றுக்கொள்வதும் செய்து முடிப்பதும் ஒன்றாகாது. நடுவில் பத்துப் பதினைந்து வருஷம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

21 நவம்பர்

ஈரான். இதை இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம், என் மனம் இதில்தான் அதிகம் அலைபாய்கிறது.

60 சதவீதச் செறிவு என்றால் குண்டுக்கான 90க்கு இன்னும் 30 பாக்கி என்று நினைக்கிறார்கள். அணுக்களை எண்ணிப் பாருங்கள். இயற்கை யுரேனியத்தில் 1,000 அணுவில் நமக்கு வேண்டிய 235 வகை 7தான். மின்உலைக்கான 4 சதவீதம் வர, அந்த 7ஐ வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்து 175 ஆக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு 35. 60க்கு 12. 90க்கு 8. ஆயிரத்திலிருந்து 12க்கு வந்தவருக்கு 12லிருந்து 8க்கு வருவது பெரிய வேலையா? ஜூன் 13 நிலவரப்படி ஈரானிடம் 60 சதவீதச் சரக்கு 440.9 கிலோ என்று முகமை மதிப்பிடுகிறது. முகமையின் அளவுகோலில், மேலும் செறிவூட்டினால் பத்துக் குண்டு அளவு. அது இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதை முகமையால் சரிபார்க்க முடியவில்லை. நேற்று முகமையின் ஆளுநர் குழு தீர்மானம் போட்டுக் கேட்டிருக்கிறது.

சரக்கு இருந்தால் குண்டு வந்துவிடாது. வாயுவை உலோகமாக்க வேண்டும், வடிக்க வேண்டும், வெடிப்பொறி வேண்டும், ஏவுகணை முனையில் ஏற்ற வேண்டும். இத்தனையும் வானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் இஸ்ரேலுக்குக் கீழே. அறிவியலாளர்கள் பலர் கொல்லப்பட்டுவிட்டார்கள். இன்னொரு பக்கம், 1981இல் ஒசிராக் உலையை இஸ்ரேல் தகர்த்தபின் சதாம் திட்டத்தை விடவில்லை, மறைவில் பெரிதாக்கினார். அந்தக் கலுட்ரான்கள் அப்படி வந்தவைதான். அடி வாங்கிய நாட்டின் ஆசை கூடும், திறன் குறையும். எது முந்தும் என்பதே கேள்வி. 12 சதவீதம் என்கிறேன். இரண்டு வாரம் முன்பு கேட்டிருந்தால் 10 என்றிருப்பேன். ஆய்வாளர்கள் உள்ளே போக முடியாமல் ஒவ்வொரு மாதமும் கழிவது என்னை மேலே தள்ளுகிறது.

22 நவம்பர்

நேற்றைய எண்ணைப் பார்த்துவிட்டு, "ஈரான் 12, கொரியா 6, சவூதி எவ்வளவோ, எல்லாம் கூட்டினால் ஆச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிக் கூட்டக் கூடாது. சவூதி இளவரசர் 2018 மார்ச்சில் சொன்னது நிபந்தனையோடு: ஈரான் செய்தால் நாங்களும் சீக்கிரமே செய்வோம். சவூதிக்கு நான் தரும் 3 சதவீதத்தில் பெரும்பகுதி ஈரானின் 12க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. துருக்கிக்கு 1, ஜப்பானுக்கு 1, மற்ற எல்லோரும் சேர்ந்து 2. கூட்டினால் 25 வரும்; ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதைக் கழித்தால் ஒரு நாடாவது செய்வதற்கு 22. இரண்டு அல்லது அதற்கு மேல் 3. முதல் நாள் சொன்ன 25லிருந்து கொஞ்சம் இறங்கியிருக்கிறேன், ஆனால் இம்முறை நாடு நாடாகப் பார்த்து வந்த எண்.

22 சதவீதம் சின்ன எண் என்று யாரும் நிம்மதியாகிவிட வேண்டாம். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். எனக்கு இது தூக்கம் கெடுக்கும் எண்.

25 நவம்பர்

எதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டவருக்கு. பத்து வருஷக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. சின்னச் சின்னதாக உடைத்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். ஈரான் 2026 முடிவதற்குள் என்.பி.டி.யின் 10ஆம் பிரிவின்படி மூன்று மாத விலகல் அறிவிப்புக் கொடுக்குமா? என் எண் 7. முகமை ஆய்வாளர்கள் அதற்குள் ஈரானின் நிலத்தடிச் செறிவூட்டல் ஆலையான ஃபோர்டோவுக்குள் போவார்களா? 30. கொரியாவோடு செறிவூட்டல் ஒப்பந்தம் 2027க்குள் கையெழுத்தாகுமா? 35.

வராத செய்தியையும் பார்க்க வேண்டும். 1942இல் சோவியத் இயற்பியலாளர் ஃபிளியோரோவ் அமெரிக்க ஆய்விதழ்களைப் புரட்டியபோது, அணுப்பிளவு பற்றி எழுதிக்கொண்டிருந்த பெரிய பெயர்கள் எல்லாம் திடீரென்று காணாமல் போயிருந்ததைக் கவனித்தார். எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்றால் ரகசிய வேலைக்குப் போய்விட்டார்கள் என்று புரிந்துகொண்டு ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். இந்தத் துறையில் நான் படித்ததிலேயே சிறந்த கணிப்பு அதுதான். செயற்கைக்கோள் இல்லை, ஒற்றன் இல்லை. ஒரு நூலகமும் கூர்மையான கண்ணும்.

29 நவம்பர்

சவூதி பற்றி அதிகம் எழுதவில்லை என்ற குறை நியாயமானது. செப்டம்பரில் பாகிஸ்தானோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். இது இரண்டு பக்கமும் வெட்டும்: பாதுகாப்புக் குடை வேறொருவரிடம் கிடைத்தால் சொந்தமாகச் செய்யும் அவசரம் குறையும், அதே நேரம், தொழில்நுட்பம் தெரிந்தவர் வீட்டுக்கு வந்து போகும் உறவு ஏற்படும். அதனால் 3லேயே நிறுத்தியிருக்கிறேன்.

என்னை நகர்த்தப்போவது அமெரிக்காவோடான அணுசக்தி ஒப்பந்தம். 18ஆம் தேதி இளவரசர் வெள்ளை மாளிகைக்குப் போனபோது பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவித்தார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் போட்ட ஒப்பந்தத்தில், தன் மண்ணில் செறிவூட்டலும் மறுசெயலாக்கமும் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. சவூதி ஒப்பந்தத்தின் வாசகம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போகும்போது அந்த வரி இருந்தால் 2க்கு இறக்குவேன். இல்லாவிட்டால் 5. அந்தப் பக்கத்தைப் படித்தபின் மறுபடி எழுதுகிறேன்.